காலை ஐந்தரைக்கு வரும் போன்: மாற்று ஆசிரியர் வேலையா, வேறு வழியா?

"பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை வீடு காலி. முழுநேர வேலைக்குப் போக மனமில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. மாற்று ஆசிரியராகப் போகலாமா, இல்லை வீட்டிலேயே டியூஷன் எடுக்கலாமா?"

இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் விடையையும் சேர்த்தே கொண்டுவருவார்கள். பள்ளி நேரம், பள்ளி விடுமுறை, முடியாத நாளில் முடியாது என்று சொல்லிவிடலாம், இதைவிட வசதியான வேலை உண்டா என்று. நான் நான்கு ஆண்டுகள் மாற்று ஆசிரியராக இருந்தேன். ஆரம்பித்தபோது மூத்தவன் இரண்டாம் வகுப்பு, இளையவளுக்கு இரண்டரை வயது. அந்த வசதிக் கணக்கு மூத்தவன் விஷயத்தில் சரியாக வந்தது, இளையவள் விஷயத்தில் உதைத்தது. அதை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

பள்ளிச் சூழலில் ஒரு பெற்றோர் எடுக்கக்கூடிய நான்கு வழிகளைப் பார்க்கலாம்: அன்றன்று அழைப்பு வந்தால் போகும் மாற்று ஆசிரியர், சில வாரங்களோ மாதங்களோ ஒரே வகுப்பை ஏற்கும் நீண்டகால மாற்று ஆசிரியர், பள்ளியில் நிரந்தரமான பகுதிநேர வகுப்பறை உதவியாளர், டியூஷன்.

## எதை வைத்து எடைபோடுவது

'வசதியான நேரம்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒன்று, வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம். இன்னொன்று, அடுத்த செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு எங்கே இருப்போம் என்று இன்றைக்கே தெரிவது. இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம். முதலாவது நிறைய உள்ள வேலையில் இரண்டாவது இருக்காது. உங்களுக்கு எது தேவை என்பதை உங்கள் கடைக்குட்டியின் வயது முடிவு செய்யும்.

அடுத்தது கையில் நிற்கும் பணம். நாள் சம்பளத்தை இருபதால் பெருக்கிப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி. அதிலிருந்து டே கேர், போக்குவரத்து, சம்பளமில்லாத விடுமுறை வாரங்கள் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். பிறகு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளில் என்ன ஆகும்? வேலை வீட்டுக்கும் பின்தொடர்ந்து வருமா? இரண்டு மூன்று வருடம் கழித்து இது எங்கே கொண்டுபோய் விடும்? இவ்வளவுதான் அளவுகோல்கள்.

இன்னொன்றையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் வராத வகுப்புக்குத் தன் ஊழியரையே மாற்றி அனுப்பிச் சமாளிக்கும் பள்ளிகள் ஏராளம். அப்படிப்பட்ட இடத்தில் முதல் வழி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. விண்ணப்பத்தைத் தேடுவதற்கு முன் ஒரு பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

## வழி ஒன்று: அன்றாட மாற்று ஆசிரியர்

இந்த வேலைக்கு நாட்டுக்கு ஒரு பெயர். அமெரிக்காவில் 'சப்', இங்கிலாந்தில் 'சப்ளை டீச்சர்', ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 'சி.ஆர்.டி.' (கேஷுவல் ரிலீஃப் டீச்சர்), நியூசிலாந்தில் 'ரிலீவர்', கனடாவின் ஒன்டாரியோவில் 'அக்கேஷனல் டீச்சர்'. தகுதியும் அப்படித்தான். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது: பள்ளி இறுதித் தேர்ச்சியே போதும் என்கிற இடங்கள் உண்டு, கலிஃபோர்னியா போலப் பட்டம் கேட்கிற இடங்களும் உண்டு. ஒன்டாரியோவில் ஆசிரியர் கல்லூரி எனப்படும் பதிவு அமைப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஆசிரியர் தகுதி இல்லாதவர்கள் 'கவர் சூப்பர்வைசர்' ஆகலாம். அவர்கள் புதிய பாடம் நடத்துவதில்லை, ஆசிரியர் வைத்துவிட்டுப் போன வேலையைப் பிள்ளைகள் செய்கிறார்களா என்று பார்த்துக்கொள்வார்கள்.

வேலை எப்படி வருகிறது? முன்பு போன். இப்போது பெரும்பாலும் செயலி. அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள் பலவற்றில் இருப்பது ஃபிரன்ட்லைன். பழைய ஆட்கள் இன்னும் அதன் முந்தைய பெயரான ஈசாப் என்றே சொல்வார்கள். முதல் நாள் இரவே பட்டியலில் வரும் வேலைகளை அனுபவசாலிகள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். புதியவர்களுக்கு மிஞ்சுவது விடியற்காலை அழைப்பு.

அந்த விடியற்காலையைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பாருங்கள். மணி ஐந்தரை. எட்டு மணிக்கு நான் பள்ளியில் இருக்க வேண்டும். மூத்தவனின் பள்ளிக் கதவு திறப்பதே எட்டேகாலுக்கு. இளையவளின் டே கேர் ஏழரைக்கு. போனைக் கையால் மூடிக்கொண்டு, தூங்கிக்கொண்டிருக்கும் கணவரிடம் "இன்னைக்கு நீங்க எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்கிறேன். அவர் கண்ணைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்தில் வேறொருவருக்கு வேலை போய்விட்டது. பள்ளி நேரத்து வேலை என்றால் நம் பிள்ளையைக் கொண்டுவிடும் அதே நேரத்தில் நாமும் வகுப்பறையில் நிற்க வேண்டும் என்பது கையெழுத்துப் போடும்போது யாருக்கும் உறைப்பதில்லை.

வகுப்புக்குள் போனால் அது தனி உலகம். முதல் நாள் எனக்குக் கிடைத்த பாடத்திட்டத்தில் 'பயிற்சிப் பக்கத்தை முடிக்கச் சொல்லவும்' என்று ஒரே வரி. பிள்ளைகள் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். இன்னும் அரை மணி நேரம் பாக்கி. அட்டெண்டன்ஸ் எடுத்தபோது பின்வரிசையில் இரண்டு பேர் பெயரை மாற்றிச் சொன்னதை மத்தியானம்தான் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து ஒரு பை எப்போதும் வாசலில் தயாராக இருக்கும்: சத்தம்போட்டு வாசிக்க ஒரு கதைப் புத்தகம், எந்த வயதுக்கும் பொருந்தும் இரண்டு விளையாட்டு, சொந்த மார்க்கர் பேனா. வகுப்பறை மார்க்கர்கள் காய்ந்துபோயிருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனதும் முதல் வேலையாகக் கேட்க வேண்டியவை மூன்று: எந்தப் பிள்ளைக்கு என்ன ஒவ்வாமை, தீயணைப்பு ஒத்திகை மணி அடித்தால் எந்தக் கதவு, கை மீறிப் போனால் பக்கத்து அறையில் யார்.

நல்லதையும் சொல்ல வேண்டும். மணி அடித்ததும் வேலை முடிந்தது. விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வராது, பெற்றோர் கூட்டம் கிடையாது. பிடிக்காத பள்ளிக்கு மறுபடி போக வேண்டியதில்லை. பிள்ளையின் ஆண்டு விழாவுக்கு யாரிடமும் விடுப்பு கேட்டு நிற்க வேண்டியதில்லை. நம் பிள்ளையின் பள்ளி விடுமுறையில் நமக்கும் பெரும்பாலும் விடுமுறை. இந்த ஒரு சலுகைக்காகவே எத்தனையோ பேர் இதில் நிலைத்திருக்கிறார்கள்.

இனி மறைந்திருக்கும் செலவுகள்.

வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் அதற்கும் விலை உண்டு. மூன்று முறை மறுத்தால் நான்காவது முறை போன் வருவதில்லை; அழைப்பவருக்கும் காலையில் அவசரம்தானே. மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை நாள் வராவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடும் நிர்வாகங்களும் உண்டு. சேரும்போதே அதைக் கேளுங்கள்.

டே கேர் கட்டணம் மாதக் கணக்கு, நம் வருமானம் நாள் கணக்கு. இளையவளுக்கு வாரத்தில் மூன்று நாள் இடம் பிடித்து வைத்திருந்தேன். அந்த மூன்று நாளில் அழைப்பு வராது, மற்ற இரண்டு நாளில் வரும். வந்த பணத்தில் பெரும்பகுதி அங்கேயே போனது. பள்ளி வயதுக்கு வராத குழந்தை வீட்டில் இருந்து, காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டால் வரக்கூடிய பாட்டியோ தாத்தாவோ இல்லையென்றால், இந்த வேலை பொருந்தாது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

எல்லாவற்றையும்விட என்னைச் சோதித்தது காய்ச்சல் காலம். ஆசிரியர்கள் வரிசையாகப் படுக்கும் வாரங்களில்தான் அழைப்பு குவியும். அதே காய்ச்சல்தான் நம் வீட்டுக்குள்ளும் வரும். வேலை கொட்டிக் கிடக்கிற வாரத்தில் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். போகாத நாளுக்குப் பெரும்பாலும் சம்பளமில்லை.

தொடக்கச் செலவும் நம் கையிலிருந்துதான் போகும்: கைரேகை, பின்புலச் சரிபார்ப்பு, சில இடங்களில் காசநோய்ப் பரிசோதனை. எல்லாம் முடிந்து முதல் அழைப்பு வரச் சில வாரங்கள் பிடிக்கும். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: டி.பி.எஸ். எனப்படும் பின்புலச் சரிபார்ப்புச் சான்றிதழ் வழங்கப்பட்ட 30 நாட்களுக்குள் அதன் புதுப்பிப்புச் சேவையில் சேர்ந்துவிட்டால், பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பும் ஏஜென்சி மாறும்போதெல்லாம் புதிதாக எடுக்கும் தொல்லை பெரும்பாலும் மிச்சம். அப்புறம் கோடை விடுமுறை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், அடுத்த கல்வியாண்டிலும் கூப்பிடுவோம் என்று 'நியாயமான உறுதி' தந்துவிட்டால், அந்த மாதங்களுக்கு வேலையின்மை உதவித்தொகை கிடைக்காது. அந்த உறுதிக் கடிதத்தை வைத்துக்கொண்டு வீட்டு வாடகை கட்ட முடியாது என்பது வேறு விஷயம்.

சொந்தப் பிள்ளை படிக்கும் பள்ளியிலேயே போகலாமா? ஒரே வாசல், ஒரே காலண்டர், கொண்டுவிடும் சிக்கலும் தீர்ந்தது. நான் இரண்டு ஆண்டு அப்படித்தான் போனேன். ஆனால் ஸ்டாஃப் ரூமில் நம் பிள்ளையின் நண்பனைப் பற்றிப் பேச்சு வரும், நாம் காதைப் பொத்திக்கொள்ள முடியாது. பிள்ளைக்கும் தர்மசங்கடம். மூத்தவன் ஒருநாள் ராத்திரி சொன்னான்: "அம்மா, எங்க கிளாஸுக்கு மட்டும் வராதீங்க." அதற்குப் பிறகு அந்த வகுப்புக்குப் போகவில்லை.

## வழி இரண்டு: நீண்டகால மாற்று

ஒரு ஆசிரியை மகப்பேறு விடுப்பில் போகிறார், இன்னொருவருக்கு அறுவை சிகிச்சை. எட்டு வாரமோ நான்கு மாதமோ அந்த வகுப்பு உங்களுடையது. எங்கே, எப்போது, எதுவரை என்று தெரிந்துவிடுவதால் டே கேர் கணக்கு நேராகிறது. விடியற்காலை போன் இல்லை. பிள்ளைகளின் பெயர் தெரியும், அவர்களுக்கும் உங்களைத் தெரியும். வகுப்பைக் கட்டுப்படுத்துவது பாதி சுலபம்.

ஆனால் இதைப் பகுதிநேர வேலை என்று நினைத்து ஒப்புக்கொள்ளாதீர்கள். பாடம் தயாரிப்பது, திருத்துவது, மதிப்பெண் ஏற்றுவது, பெற்றோரைச் சந்திப்பது எல்லாம் உண்டு. பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒன்பது மணிக்கு மேல் உட்கார வேண்டியிருக்கும். மறுக்கும் சுதந்திரம் அடியோடு போய்விடும்.

பணம் கூடும், ஆனால் நிபந்தனையோடு. தொடர்ந்து குறிப்பிட்ட நாட்கள் ஒரே வகுப்பில் இருந்தால்தான் உயர்ந்த நாள் சம்பளம் என்பது அமெரிக்க மாவட்டங்கள் பலவற்றின் வழக்கம். நடுவில் ஒருநாள் விடுப்பு எடுத்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இங்கிலாந்தில் ஏஜென்சி வழியாகப் போகிறவர்களுக்கு 2010-ம் ஆண்டின் ஏஜென்சிப் பணியாளர் விதிமுறைகள் துணை: ஒரே இடத்தில் ஒரே வேலையில் 12 வாரம் ஆனதும், நேரடியாக எடுத்த ஆசிரியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும். ஆனால் ஏஜென்சி ஊழியராக இருக்கும்வரை ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர முடியாது. பள்ளியே நேரடியாக எடுத்தால் முடியும். ஒரே வேலை, ஒரே வகுப்பு, ஆனால் இருபது வருடம் கழித்து இரண்டுக்கும் பெரிய வித்தியாசம்.

உரிமத்துக்கும் வரம்பு இருக்கலாம். கலிஃபோர்னியாவின் 30 நாள் அனுமதி என்பதற்குப் பெயரிலேயே பொருள் இருக்கிறது: ஒரே ஆசிரியருக்குப் பதிலாக ஒரு கல்வியாண்டில் 30 நாள் என்பதுதான் அதன் அடிப்படை விதி.

மறுபடி முழுநேர ஆசிரியராக விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல படிக்கட்டு இல்லை. நான்கு மாதம் உங்களைப் பார்த்த தலைமையாசிரியரின் பரிந்துரை, பத்து பள்ளிகளில் ஒவ்வொரு நாள் நின்றதைவிடக் கனமானது.

## வழி மூன்று: வகுப்பறை உதவியாளர்

கௌரவத்தில் ஒருபடி கீழே என்று நினைத்துப் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. நான் கடைசியில் வந்து நின்றது இங்கேதான், அதனால் என் தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கலாம்.

வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஒப்பந்தம். எந்த வகுப்பு, எந்தப் பிள்ளைகள் என்பது தெரியும். பல இடங்களில் சம்பளத்தோடு நோய் விடுப்பும் உண்டு. காய்ச்சல் காலத்தில் அதன் அருமை தெரியும். இங்கிலாந்தில் பல உதவியாளர் ஒப்பந்தங்கள் பள்ளி நடக்கும் வாரங்களுக்கு மட்டுமானவை. அந்தச் சம்பளத்தையே பன்னிரண்டு மாதத்துக்குச் சமமாகப் பிரித்துத் தருவார்கள். கோடையிலும் கணக்கில் ஏதோ விழுகிறது என்ற நிம்மதி கிடைக்கும்.

குறை என்னவென்றால், நாள் கணக்கில் பார்த்தால் சம்பளம் மாற்று ஆசிரியரைவிடக் குறைவாக இருப்பதுண்டு. உடம்பும் வலிக்கும். சிறப்புத் தேவையுள்ள பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பணியில் தூக்குவது, தாங்குவது, சில சமயம் அடி வாங்குவது எல்லாம் அடங்கும். அமெரிக்காவில் 'டைட்டில் ஒன்' எனப்படும், ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கான மத்திய அரசு நிதியில் இயங்கும் பணிகளுக்கு இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்போ அதற்கீடான தேர்வோ தேவை. இடம் காலியாவதும் அரிது, கிடைத்தவர்கள் சுலபத்தில் விடமாட்டார்கள்.

## வழி நான்கு: டியூஷன்

வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம், நாமே முதலாளி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாணவர்கள் எப்போது வருவார்கள்? அவர்கள் பள்ளி முடிந்த பிறகு. அதாவது நம் பிள்ளைகளும் பள்ளி முடிந்து, பசியோடும் வீட்டுப்பாடத்தோடும் வந்து நிற்கும் அதே நான்கு மணியிலிருந்து எட்டு மணிவரை. காலி வீட்டில் ஆறு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, வீடு நிறைந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஊரார் பிள்ளைக்குப் பின்னம் சொல்லிக்கொடுப்போம். வெளியே நம் பிள்ளை பின்னத்தில் தவறு செய்துகொண்டிருக்கும்.

இதற்கு விதிவிலக்கு இரண்டு. ஆன்லைனில் வேறு நேர மண்டலத்துப் பிள்ளைகளுக்கு எடுத்தால் அவர்களின் மாலை நமக்குக் காலையாக அமையலாம். வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள், மொழி கற்கும் பெரியவர்கள் பகலில் கிடைப்பார்கள். இப்படி மாணவர்களை அமைத்துக்கொள்ள முடிந்தால் நான்கு வழிகளிலும் இதுதான் சிறந்தது என்பேன். கைக்குழந்தை இருக்கும் வீட்டில்கூடத் தூங்கும் நேரத்தில் ஒரு வகுப்பு எடுத்துவிடலாம்.

மற்றபடி, தேர்வுக்கு முன் கூட்டம், தேர்வு முடிந்ததும் வெறிச். வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னால் "இன்னைக்கு வரலை மிஸ்" என்று குறுஞ்செய்தி வரும். தெரிந்தவர்களிடம் கட்டணம் கேட்க நாக்கு எழாது. முன்பணமாக வாங்குங்கள், ரத்து விதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வரியைக் கணக்கிட்டுக் கட்டுவதும் நம் தலையில்தான்.

## ஒரே பார்வையில்

| | அன்றாட மாற்று | நீண்டகால மாற்று | உதவியாளர் | டியூஷன் |
|---|---|---|---|---|
| மறுக்கும் சுதந்திரம் | உண்டு, அளவோடு | இல்லை | இல்லை | உண்டு, மாணவர் போகலாம் |
| முன்கூட்டியே தெரிவது | மிகக் குறைவு | நன்று | மிக நன்று | ஓரளவு |
| பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் | போகவில்லை, சம்பளமில்லை | சிக்கல் | பல இடங்களில் விடுப்பு | நேரம் மாற்றலாம் |
| வீட்டுக்கு வரும் வேலை | இல்லை | நிறைய | மிகக் குறைவு | தயாரிப்பு உண்டு |
| பள்ளி விடுமுறை | ஓய்வு, வருமானமில்லை | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | ஓய்வு, சம்பளம் பிரித்து வரலாம் | வேலை கூடவும் செய்யும் |
| அடுத்த படி | பள்ளிகளில் அறிமுகம் | முழுநேர ஆசிரியர் | நிரந்தரப் பணி, பயிற்சி | சொந்தத் தொழில் |

## யாருக்கு எது

எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில், காலையில் கொண்டுவிட இன்னொருவர் இருக்கிறார், இந்த வருமானம் இல்லாவிட்டாலும் அடுப்பு எரியும் என்றால் அன்றாட மாற்று வேலைக்குத் தாராளமாகப் போகலாம். ஆசிரியப் பணி நமக்கு ஒத்துவருமா என்று கால் நனைத்துப் பார்க்க நினைப்பவருக்கும் இதுதான். பத்து வகுப்பறைகளை உள்ளிருந்து பார்த்துவிடலாம்.

மாதாமாதம் ஒரு தொகை வந்தே ஆக வேண்டுமா? உதவியாளர் பணியைத் தேடுங்கள். அது கிடைக்கும்வரை ஒன்றிரண்டு பள்ளிகளில் மட்டும் அன்றாட மாற்றாகப் போய் முகம் காட்டிக்கொண்டிருங்கள். உள்ளே காலியாகும் இடம் முதலில் காதில் விழுவது அங்கே நிற்பவருக்குத்தான். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஆசிரியர் தகுதி கையில் இருக்கிறது, இடைவெளிக்குப் பிறகு திரும்ப வேண்டும் என்றால் நீண்டகால மாற்று. பள்ளி வயதுக்கு வராத குழந்தையோடு தனியாகச் சமாளிப்பவர், பகல் நேர டியூஷன் மாணவர் இருவரோடு தொடங்கி, மற்ற மூன்றையும் இரண்டு வருடம் தள்ளிப் போடுவது நல்லது.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு வாரம் ஒத்திகை பாருங்கள். எந்த நாள் என்று உங்களுக்குத் தெரியாமல், வீட்டில் ஒருவர் இரண்டு நாள் மட்டும் காலை ஐந்தரைக்கு உங்களை எழுப்பட்டும். ஏழரைக்குள் எல்லாரும் உடுத்தி, சாப்பிட்டு, பையோடு வாசலில் நிற்க வேண்டும். நாங்கள் இதைச் செய்தது வேலையில் சேர்ந்து மூன்று மாதம் கழித்துத்தான். முதல் நாள் ஏழு ஐம்பதுக்கு வெளியே வந்தோம், இளையவளின் ஒரு செருப்பு மட்டும் காலில் இருந்தது.